சில்வியா வீட்டுக் குழாய்

ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' நூலை மூன்று முறை படித்திருக்கிறேன். முதல் முறை கல்லூரியில். சீனியர் ஒருவர் கொடுத்த பிரதி, பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடுகள். இரண்டாம் முறை 2016 ஆகஸ்டில், லே நகரத்து விடுதி அறையில், உயரமலை நோயிலிருந்து தேறிக்கொண்டு படுத்திருந்தபோது. மூன்றாம் முறை இந்தக் கட்டுரைக்காக, கையில் பென்சிலுடன். முதல் முறை அந்த நூலைக் கொண்டாடினேன். இரண்டாம் முறை ஒரு தண்ணீர்க் குழாயருகே நின்றுவிட்டேன். அந்தக் குழாயைத் தாண்டி என்னால் இன்றுவரை நிம்மதியாகப் போக முடியவில்லை.

நூலைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு தந்தை, பதினொரு வயது மகன் கிறிஸை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு, மினசோட்டாவிலிருந்து மேற்குக் கடற்கரைவரை 17 நாள் பயணம் போகிறார். 1968 கோடையில் பிர்சிக் உண்மையிலேயே போன பயணம் அது. போகும் வழியெல்லாம் அவர் தத்துவம் பேசுகிறார். ஒருகாலத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்து, 'தரம் என்றால் என்ன' என்ற கேள்வியின் பின்னால் ஓடி, மனம் பிறழ்ந்து, மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்கு உள்ளான தன் பழைய ஆளுமையை 'ஃபீட்ரஸ்' என்று பெயரிட்டுத் தேடுகிறார். 121 பதிப்பகங்கள் மறுத்த பிறகு 1974-இல் வெளியாகி, லட்சக்கணக்கில் விற்றது. அவர் ஓட்டிய ஹோண்டா இன்று வாஷிங்டனில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இதைத் தந்தை மகன் கதையாகவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நூலின் முதல் பாதியில் இன்னொரு வண்டியும் கூடவே வருகிறது. ஜான் சதர்லாண்ட், சில்வியா சதர்லாண்ட் என்ற தம்பதியின் பி.எம்.டபிள்யூ. டகோட்டாவின் சமவெளிகளைத் தாண்டி, மொன்டானா மலைகளில் ஏறி, 3,300 மீட்டருக்கு மேல் இருக்கும் பேர்டூத் கணவாயைக் கடந்து, போஸ்மன் என்ற ஊர்வரை அவர்கள் வருகிறார்கள். அங்கிருந்து திரும்பி வீட்டுக்குப் போகிறார்கள். அதாவது இந்த நூலுக்குள் ஒரு கணவனும் மனைவியும் மலைநாட்டில் செய்த நெடும்பயணம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்பவர் கணவனும் இல்லை, மனைவியும் இல்லை, பக்கத்து வண்டிக்காரர்.

பக்கத்து வண்டிக்காரரின் கணிப்பில், ஜானும் சில்வியாவும் எந்திரங்களைக் கண்டு விலகுகிறவர்கள். வண்டி ஓட்டப் பிடிக்கும், அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று அறியப் பிடிக்காது. ஜானின் புது பி.எம்.டபிள்யூவில் ஹேண்டில்பார் பிடி தளர்ந்து வழுக்குகிறது. ஒரு பீர் டின்னை வெட்டி, அந்தத் தகட்டைச் சொருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. விலை உயர்ந்த தன் வண்டிக்கு பீர் டின் துண்டா என்று ஜானுக்கு உள்ளுக்குள் அவமானமாகிறது. நூலின் மிகப் பிரபலமான இடங்களில் இது ஒன்று. என் சீனியரும் இதன் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார்.

அதற்கு முன்பே குழாய் வந்துவிடுகிறது. சதர்லாண்ட் வீட்டுச் சமையலறையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. புது வாஷர் போட்டுப் பார்த்தேன், சரியாகவில்லை என்கிறார் ஜான். அத்தோடு விட்டுவிடுகிறார். கதைசொல்லி இதைக் கவனிக்கிறார். இந்தச் சொட்டல் இவர்களைத் தொந்தரவு செய்யவே இல்லையா என்று யோசித்து, சில்வியாவை உற்றுப் பார்க்கத் தொடங்குகிறார். ஒருநாள் அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி சில்வியா ஏதோ பேச முயலும்போது குழந்தைகள் உள்ளே வந்து குறுக்கிடுகிறார்கள். சில்வியா அவர்கள்மேல் பாய்கிறார். கதைசொல்லிக்கு உடனே பிடிபட்டுவிடுகிறது: அவருடைய கோபம் குழந்தைகள்மேல் இல்லை, குழாய்மேல். அதை அவர் வெளியே காட்டாமல் அடக்குகிறார். ஏன் அடக்க வேண்டும்? தொழில்நுட்பத்தோடு இந்தத் தம்பதிக்கு இருக்கும் ஆழமான பகையின் அடையாளம் அது என்று நூல் விளக்குகிறது.

நுட்பமான கவனிப்புதான், மறுக்கவில்லை. ஒரு பெண் கோபத்தை எங்கே ஒளித்து வைக்கிறாள், அது எந்த வழியாக வெளியே வருகிறது என்பதை இவ்வளவு கூர்மையாகப் பார்த்த ஆண் எழுத்தாளர்கள் குறைவு. ஆனால் பார்த்தவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. அவர் விருந்தாளி. ஹோண்டாவின் வால்வு இடைவெளியைக் காதாலேயே கண்டுபிடிக்கத் தெரிந்தவர். ஒரு குழாயை மாற்ற அவருக்கு அரை மணி நேரம் ஆகியிருக்குமா? 'நான் மாற்றித் தருகிறேன்' என்று சொன்னதாக அவர் எழுதவில்லை. அந்தக் குழாயும் அந்தப் பெண்ணும் அவருக்கு ஒரு சோதனைக்கூடம். முடிவு கிடைத்ததும் நகர்ந்துவிடுகிறார்.

அந்தச் சமையலறையில் அதிக நேரம் நிற்பவர் யார், குழந்தைகள் குறுக்கிடும்போது பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார், 'போட்டுப் பார்த்தேன், சரியாகல' என்று சொல்லிவிட்டு நகரும் வசதி யாருக்கு இருக்கிறது? இந்தக் கேள்விகளை நூல் கேட்கவே இல்லை. 'ஜானும் சில்வியாவும்' என்று இருவரையும் ஒரே ஆளாகக் கட்டிவிடுகிறது. பீர் டின்னை மறுத்தவர் ஜான். குழாயைக் கைவிட்டவரும் ஜான். கோபம் மட்டும் சில்வியாவுடையது. ஆனால் கணக்கு கூட்டுக் கணக்கு.

லேயில் படுத்துக்கொண்டு இதைப் படித்தபோது எனக்கு ஏன் அப்படித் தொண்டை அடைத்தது என்று சொல்ல, நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும்.

நானும் என் இணையரும் மணாலியில் ஒரு புல்லட்டை வாடகைக்கு எடுத்தோம். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு இருந்த ஆசை இது. எனக்கும் ஆசைதான், யாரும் என்னை இழுத்துப்போகவில்லை. அடல் சுரங்கம் அப்போது திறக்கப்படவில்லை, அதனால் ரோதங் கணவாய் வழியாகத்தான் ஏற வேண்டும். முதல் இரவு கேலாங், இரண்டாம் இரவு சர்ச்சு, மூன்றாம் நாள் லே. தாண்டி என்ற இடத்துப் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதி வைத்திருப்பார்கள். எல்லா வண்டிக்காரர்களும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவரும் நின்றார். எடுத்தது நான்.

பிர்சிக் ஒரு இடத்தில் காரையும் மோட்டார்சைக்கிளையும் ஒப்பிடுகிறார். காரில் போனால் உலகம் ஜன்னல் சட்டத்துக்குள் தொலைக்காட்சிபோல ஓடுகிறது, வண்டியில் போனால் சட்டம் இல்லை, நாமே காட்சிக்குள் இருக்கிறோம் என்பது அவர் வாதம். ஓட்டுகிறவருக்கு அது உண்மை. பின்னால் இருப்பவருக்கு ஒரு சட்டம் இருக்கிறது, அது ஹெல்மெட் வடிவத்தில் இருக்கிறது. மூன்று நாள் எனக்கு நேரே தெரிந்தது கறுப்பு ஹெல்மெட்டின் பின்பக்கமும் அதில் ஒட்டியிருந்த ஒரு ஸ்டிக்கரும்தான். மலைகள் எல்லாம் இடப்பக்கமும் வலப்பக்கமும் இருந்தன.

பின்னிருக்கையில் சும்மா உட்கார்ந்து வருவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெர்மிட் நகல்கள், மருந்து, உலர்பழம், சார்ஜர், மழைக்கோட்டு எல்லாம் என் முதுகுப் பையில். வளைவுகளில் அவர் சாயும்போது நானும் அதே அளவு சாய வேண்டும். கூடச் சாய்ந்தாலும் ஆபத்து, சாயாமல் விறைத்தாலும் ஆபத்து. பின்னால் லாரி வருகிறதா என்று திரும்பிப் பார்க்கும் கண்ணாடியும் நான்தான். பனி உருகி மதியத்துக்கு மேல் ரோட்டின் குறுக்கே பெருக்கெடுக்கும் ஓடைகள் நிறைய, 'நாலா' என்பார்கள். ஒவ்வொரு நாலாவிலும் எடையைக் குறைக்க நான் இறங்கி, ஐஸ் தண்ணீரில் கால் விரல்கள் மரத்துப்போக நடந்து, அக்கரை சேர்ந்து, அவர் வண்டியைக் கடக்க வைப்பதை வீடியோ எடுத்தேன். பிறகு அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லோரும் 'சூப்பரா ஓட்டியிருக்காரு' என்றார்கள். உண்மைதான், சூப்பராகத்தான் ஓட்டினார். கேமரா எப்படி அக்கரைக்குப் போனது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

காற்றிலும் சத்தத்திலும் பேச முடியாது. அதனால் நாங்கள் ஒரு மொழி வைத்திருந்தோம். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. மூன்றாவது தட்டு எதற்கும் நாங்கள் பேசி வைக்கவில்லை.

இனி, பயண நூல்கள் எழுதாத விஷயத்துக்கு வருகிறேன். உயரத்துக்குப் போகும்போது நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். உயரமலை நோய் வராமலிருக்கக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை சிறுநீரைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் மணிக்கொரு முறை இறங்க வேண்டும். சர்ச்சுவைச் சுற்றிய நாடு ஒரு மரம், ஒரு புதர் இல்லாத மொட்டை நிலம். ஆண்கள் வண்டியை ஓரங்கட்டி, திரும்பி நின்று, வேலை முடிந்ததும் ஏறிவிடுகிறார்கள். எனக்கு ஒரு பாறை வேண்டும். பாறைக்குப் பின்னால் வளைந்து வரும் ரோடு இல்லாமல் இருக்க வேண்டும். எனவே நாட்டில் நெடும்பயணம் போகும் எந்தப் பெண்ணும் செய்வதையே நானும் செய்தேன்: தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். பஸ்ஸில் மதுரை போகும்போது செய்கிற அதே காரியம். 4,300 மீட்டரில் அது வேறு காரியம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். இரண்டாம் நாளே மாதவிடாயும் வந்துவிட்டது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சர்ச்சுவில் கூடாரத்துக்கு வெளியே அவர் வண்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது; கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலைத் தருகிறது; பிளக்கில் கரி பிடிக்கிறது. ஏற்றத்தில் வண்டி திணறியதை அவர் காதிலேயே கேட்டுப் பிடித்துவிட்டார். பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி மாட்டினார். பிர்சிக்கின் நூலிலும் இதே கட்டம் உண்டு. மலை ஏறும்போது ஹோண்டாவின் பிளக்குகள் கறுத்துப்போயிருப்பதைக் கண்டு, காரணம் உயரம்தான் என்று கண்டுபிடித்து, ஜெட்டை மாற்றுவதைப் பற்றி அழகாக எழுதியிருப்பார். அந்த இரவு நான் ஸ்லீப்பிங் பேகுக்குள் கண்ணைத் திறந்துகொண்டு, பின்மண்டையில் இடிக்கிற வலியை எண்ணிக்கொண்டிருந்தேன். வண்டி மூச்சு விடச் சிரமப்பட்டது அவருக்குக் கேட்டது. அவர் கெட்டவர் இல்லை. வண்டியிடம் கேட்கக் கற்றிருந்தார். நான் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லக் கற்றிருந்தேன்.

மறுநாள் காட்டா லூப்ஸ். 21 கொண்டை ஊசி வளைவுகள். எட்டாவதோ ஒன்பதாவதோ வளைவில் இரண்டு தட்டு தட்டினேன். நிறுத்தினார். ஹெல்மெட்டைத் திறந்து, 'செம வியூல்லப்பா?' என்று கேட்டார். படம் எடுக்கத்தான் நிறுத்தச் சொன்னேன் என்று நினைத்துவிட்டார். நானும் படம் எடுத்தேன். இதை எழுதும்போது இந்த இடத்தில்தான் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

பாங் என்ற இடத்தில் பாராசூட் துணியால் ஆன கூடாரக் கடைகள் வரிசையாக இருக்கும். லடாக்கிப் பெண்கள் நடத்துகிற கடைகள். இறங்கியதும் வாந்தி எடுத்தேன். கடைக்கார அமா-லே என் முகத்தை ஒருமுறை பார்த்தார். எங்களுக்குள் பொதுவாக இருந்தது நாலைந்து இந்திச் சொற்கள்தான். என் கையைப் பிடித்துக் கூடாரத்துக்குப் பின்னால் ஒரு மண்மேட்டுக்கு அழைத்துப்போய், தன் மேலாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றார். பிறகு படுக்க வைத்து, உப்பும் சர்க்கரையும் போட்ட வெந்நீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ராணுவ முகாம், ஆக்ஸிஜன், மருத்துவ உதவியாளரின் கண்டிப்பு எல்லாம். இரவு இங்கே தங்காதீர்கள், இன்றே லேக்கு இறங்கிவிடுங்கள், இவரை வண்டியில் ஏற்றாதீர்கள் என்றார்.

அப்படியாக நான் ஒரு வாடகைச் சுமோவின் நடு இருக்கையில் சுருண்டு படுத்தபடி டங்லங் கணவாயைக் கடந்தேன். 5,300 மீட்டர். எங்கள் பாதையின் மிக உயர்ந்த இடம். நான் அதைப் பார்க்கவில்லை. அவர் பின்னாலேயே வண்டியில் வந்து, கணவாயின் மஞ்சள் கல்லருகே வண்டியை மட்டும் நிறுத்திப் படம் எடுத்தார். இரண்டு நாள் கழித்து அதை ஃபேஸ்புக்கில் போட்டார். அதுவரை எல்லாப் பதிவிலும் 'ரோதங் ஏறினேன்', 'நாலாவைக் கடந்தேன்' என்று எழுதி வந்தவர், அதில் மட்டும் 'டங்லங் லா தொட்டோம்' என்று எழுதினார். என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நல்ல எண்ணம். நான் இல்லாத ஒரே இடத்தில் எனக்குப் பன்மை கிடைத்தது.

லேயில் ஓய்வெடுத்த மூன்று நாளில்தான் பிர்சிக்கை மறுபடி படித்தேன். அவர் ஆசையாகக் கொண்டுவந்த புத்தகம். சுமந்தது என் பை. குழாய்ப் பக்கத்துக்கு வந்ததும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 'நீ சொல்லியிருக்கலாம்லப்பா' என்றார். சொல்லியிருக்கலாம்தான். சில்வியாவும் சொல்லியிருக்கலாம். ஆனால் பிளக் எதையும் சொல்லவில்லையே. அது கறுத்தது, அவர் பார்த்தார்.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இந்த நூலின் தலைப்பிலுள்ள 'மெயின்டனன்ஸ்' என்ற சொல்லுக்கு நாம் பராமரிப்பு என்போம். வண்டியைப் பராமரிப்பதும் பராமரிப்பு, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பராமரிப்பதும் பராமரிப்பு, குழந்தைப் பராமரிப்பும் அதே சொல். பிர்சிக்கின் மொத்தத் தத்துவமும் இந்தச் சொல்லுக்குள் அடங்கும். செய்கிறவனுக்கும் செய்யப்படுவதற்கும் இடையே அக்கறை என்ற ஒன்று இருந்தால்தான் தரம் பிறக்கிறது; ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு அசட்டையாக வண்டியைக் கெடுக்கும் மெக்கானிக்குகளிடம் இல்லாதது அதுதான் என்கிறார். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஞானத்துக்காக அவர் கிரேக்கத் தத்துவம், கான்ட், கீழைச் சிந்தனை என்று எங்கெங்கோ போகிறார். ஒரே வேலையைத் தினமும் செய்தும் அதில் அக்கறையைத் தேயவிடாமல் காப்பது எப்படி என்பதை வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருப்பவர்கள் பக்கத்து அறையில் இருந்தார்கள். அந்த அறைக்கு அவர் குழாயைப் பார்க்க மட்டும்தான் போனார்.

சாரா என்றொரு பாத்திரத்தையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். பலருக்கு மறந்தே போயிருக்கும். போஸ்மன் கல்லூரியில் ஃபீட்ரஸ் ஆசிரியராக இருந்தபோது, ஓய்வுபெற இருந்த சக ஆசிரியை அவர். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் பூவாளியோடு போகிற போக்கில், மாணவர்களுக்குத் தரத்தைச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஒரு வார்த்தைதான் ஃபீட்ரஸைப் பிடித்து ஆட்டி, பைத்தியம்வரை கொண்டுபோய், கடைசியில் இந்த நூலாகவும் ஆகிறது. மூல விதையைப் போட்டவர் சாரா. ஆனால் நூல் அவரை எப்படி வரைகிறது? கீச்சுக்குரலில் ராகம் இழுக்கும் வயதான அம்மாள். தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்கே முழுதாகத் தெரியுமா என்ற கேலி அந்த வரைவில் இருக்கிறது. தெரிந்து சொன்னாரா என்று யாரும் திரும்பிப்போய் அவரிடம் உட்கார்ந்து கேட்பதில்லை. அவர் செடிகளைத் தினமும் பார்த்துக்கொண்டவர் என்பதாவது நமக்குத் தெரியும்.

சில்வியாவுக்கும் இப்படி ஒரு இடம் இருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே, எதிர்ப்பக்கம் திங்கட்கிழமை வேலைக்குப் போகும் கார்களின் வரிசையைப் பார்த்துவிட்டு, அந்த முகங்கள் எவ்வளவு சோகமாக இருந்தன, சவ ஊர்வலம் போலிருந்தது என்கிறார். நவீன வாழ்க்கை பற்றி நூல் பல நூறு பக்கங்களில் சொல்ல வருவதைப் பின்னிருக்கையிலிருந்து ஒரு பெண் முதல் நாளே சொல்லிவிட்டார். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்க வேண்டும். முகங்களைப் பார்க்க நேரம் இருப்பது பின்னால் இருப்பவருக்குத்தான். 'வேலைக்குப் போகிறார்கள், வேறொன்றுமில்லை' என்கிற ரீதியில் கதைசொல்லி பதில் சொல்கிறார்.

நம் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 123-ஆம் விதி என்று ஒன்று உண்டு. பின்னால் உட்கார்பவருக்குப் பிடிமானக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், உடை சக்கரத்தில் சிக்காமல் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இவை இல்லாமல் வண்டி தயாரிக்கக் கூடாது என்கிறது. அந்தத் தடுப்பைத்தான் மெக்கானிக் கடைகளில் சாரி கார்டு என்கிறோம். விதியில் சேலை என்றோ பெண் என்றோ ஒரு சொல் கிடையாது. இருந்தும் அதை எழுதியவர் மனதில் பின்னிருக்கையில் யார் இருந்தார் என்பது தெளிவு. மலைப்பயணம் போகிறவர்கள் முதலில் கழற்றி எறிவது அந்தக் கார்டைத்தான். லக்கேஜ் கம்பிக்கு இடைஞ்சலாம், பார்க்கவும் நன்றாக இல்லையாம். சட்டம் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தது, அதையும் ஸ்பானரால் கழற்றிவிடுகிறோம்.

அப்படியானால் பெண்கள் ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டால் தீர்ந்தது என்று மாணவிகள் சொல்வார்கள். பிடிக்கட்டும். பிடித்தவர்கள் எத்தனையோ பேர். தெரேசா வாலக்கும் ஃப்ளோரன்ஸ் ப்ளெங்கிரனும் 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து கிளம்பி சஹாரா வழியாகக் கேப்டவுன் போனார்கள். பிர்சிக்கின் நூல் வருவதற்கு முந்தைய வருடம், 1973-இல், ஆன்-ஃபிரான்ஸ் தோத்வில் என்ற பிரெஞ்சுப் பெண் 125 சிசி கவாசாகியில் தனியாக உலகம் சுற்றினார். அவர்கள் பெயர்கள் நம் பாடத்திட்டத்தில் வர வேண்டும். ஆனால் நான் கேட்பது இருக்கை மாற்றம் மட்டும் இல்லை. உட்கார்ந்து வருகிறவர் பார்த்ததும் பயணம்தான் என்று ஏற்றுக்கொள்ளும் ஒரு எழுத்து முறையைக் கேட்கிறேன். எனக்கே அது கைவரவில்லை. ரோதங்கிலிருந்து லேவரை அந்த ரோட்டைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஜார்க்கண்டின் தும்காவிலிருந்து வந்த தொழிலாளிகள். தார்ப்புகையில் துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கள் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். மூன்று நாளில் ஒருவரிடமும் நான் பேசவில்லை. அவர்கள் கண்ணுக்கு நானும் முன்னிருக்கைக்காரிதான்.

பிர்சிக்குக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். பின்னிருக்கை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பயணம் முழுக்கக் கிறிஸ் வயிற்றுவலி என்று அழுகிறான், அடம்பிடிக்கிறான், எங்கே போகிறோம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். கடைசிப் பக்கங்களில், கலிஃபோர்னியாக் கடற்கரை ரோட்டில், அப்பாவும் மகனும் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுகிறார்கள். கிறிஸ் ஃபுட்ரெஸ்ட்டில் கால் ஊன்றி எழுந்து நின்று, அப்பாவின் தோளுக்கு மேலாக முதன்முறையாக ரோட்டைப் பார்க்கிறான். இவ்வளவு நாளும் தான் பார்த்துக்கொண்டு வந்தது அப்பாவின் முதுகை மட்டுமே என்கிறான். ஆயிரக்கணக்கான மைல் கடந்த பிறகு தந்தைக்கு அது உறைக்கிறது. படித்த மூன்று முறையும் நான் அழுத இடம் அது. 1979-இல் சான் பிரான்சிஸ்கோவில் கிறிஸ் கொல்லப்பட்டதை அறிந்த பிறகு இன்னும் கனமாகிவிட்ட இடம்.

ஆனால் எழுந்து நின்று பார்க்க அனுமதி கிடைத்தது மகனுக்குத்தான். சில்வியா போஸ்மனிலிருந்தே திரும்பிப் போய்விட்டார். பேர்டூத் உச்சியில் ஜானின் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் என்ன பார்த்தார் என்று கேட்க நூலில் ஆள் இல்லை. கிறிஸின் அம்மா பயணத்திலேயே இல்லை. கணவன் மனம் உடைந்து நாள்கணக்கில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த வீட்டில் சமைத்தது யார், கிறிஸைப் பள்ளிக்கு அனுப்பியது யார் என்பதெல்லாம் இன்னொரு பராமரிப்பு நூலுக்கான விஷயம். அதை யாராவது எழுதியிருந்தால் நான் வாங்கிப் படிப்பேன்.

போன வாரம் என் பிரதியை ஒரு மாணவி வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்தாள். என் இணையர் வால்வு, பிளக் பகுதிகளில் நீல மையில் அடிக்கோடு போட்டிருக்கிறார். என் பென்சில் கோடுகள் வேறு பக்கங்களில். குழாய் வரும் பக்கத்தின் ஓரத்தில் அவள் பச்சை மையில் சின்னதாக எழுதியிருந்தாள்: 'கடைசியில் அந்தக் குழாயை யார் மாத்துனா மேடம்?'